கிளைஸ் அண்ணையும் பிரிந்து போன ரயிலும்

ஜெர்மனிக்கு வடக்கே தனியாக ஊர் சுற்றிவிட்டு வந்தேன் என்று எந்தத் தமிழனாவது உங்களிடம் பீற்றிக்கொண்டால் நம்பாதீர்கள். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் அந்தப் பக்கம் எவனும் தனியாகப் போனதில்லை. கூடவே கிளைஸ் அண்ணையும் போயிருப்பார், போன் வழியாக.

கிளைஸ் என்றால் ஜெர்மன் மொழியில் ரயில் நிற்கும் தடம், நம் ஊர்க் கணக்கில் பிளாட்பாரம். அண்ணைக்கு ஹலோ சொல்லும் வழக்கம் கிடையாது. போனை எடுத்ததும் "எந்த கிளைஸில நிக்கிறீர்?" என்றுதான் ஆரம்பிப்பார். தனக்குக் குழந்தை பிறந்த சேதியைச் சொல்லக் கூப்பிட்டவனிடமும் அதையே கேட்டாராம். அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. யாழ்ப்பாணத்துக்காரர், ஹம் என்கிற ஊரின் ரயில் நிலையத்துக்குள் ஒரு ரொட்டிக் கடையில் வேலை செய்கிறார், அவ்வளவுதான் தெரியும்.

அவருடைய நம்பர் எனக்குக் கறிவேப்பிலையோடு கிடைத்தது. நான் அப்போது கார்ல்ஸ்ரூஹேயில் கம்ப்யூட்டர் தட்டிக்கொண்டிருந்தேன். தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குக் கிளம்புமுன் பத்து நாள் வடக்கே சுற்றிவிட்டு, டுசல்டோர்ஃபில் விமானம் ஏறுவதாகத் திட்டம். நான் வழக்கமாகச் சாமான் வாங்கும் கடை அக்கா ஒரு துண்டுச் சீட்டில் நம்பரை எழுதிக் கொடுத்தார்.

"வழியில ஏதும் பிரச்சினையெண்டா இவருக்குப் போன் அடியும்."

"எனக்கு என்னக்கா பிரச்சினை வரப்போகுது?"

"வரும்" என்றார் அக்கா, கத்தரிக்காயை நிறுத்தபடியே.

வந்தது. ஹாம்பர்க்கில் ஏறவேண்டிய ரயிலுக்குப் பதிலாக அதன் பங்காளி ரயிலில் ஏறிவிட்டேன். அண்ணை போனிலேயே காதைப் பிடித்து இறக்கி, வேறு ரயிலில் ஏற்றி, லூபெக்கில் கொண்டுபோய் விட்டார். நன்றி சொல்லிவிட்டு, லூபெக்கில் என்ன பார்க்கலாம் என்று கேட்டேன்.

"மூண்டாம் கிளைஸில வெய்யில் படுற மாதிரி நல்லதொரு வாங்கு கிடக்கு. அதில இரும்."

"இல்லண்ணே, பழைய சர்ச்சுல்லாம் இருக்காமே?"

"சேர்ச் எங்கயும் ஓடாது தம்பி. பிறகு பாக்கலாம்."

போய்ப் பார்த்தேன். மூன்றாம் கிளைஸில் பெஞ்சு இருந்தது, வெயிலும் பட்டது. மனிதர் வடக்கே ஒரு நிலையம் விடாமல் உட்கார்ந்து எழுந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது கோபன்ஹேகன். ரயில் கடற்கரை வரை ஒழுங்காகப் போயிற்று. அங்கே ஒரு கப்பல் வாயைத் திறந்துகொண்டு நிற்க, ரயில் அதன் வயிற்றுக்குள் நுழைந்தது. இப்படி ஒன்று நடக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அண்ணையைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, ரயில் கப்பலுக்குள்ள போகுது."

"ஓம், போகும். எந்தப் பெட்டியெண்டு பாத்து வச்சுக்கொண்டு மேல போய்த் தேத்தண்ணி குடியும். கரை சேர முக்கால் மணித்தியாலம்."

பெட்டி எண்ணைப் பார்க்காமல் போய்த் தேநீர் குடித்தேன். கரை வருகிறது என்று கீழே ஓடிவந்தால் ரயிலைக் காணோம். நான் இறங்கி வந்தது லாரிகள் நிற்கும் தளம். பன்றி ஏற்றிய லாரிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு மறுபடியும் போன் செய்தேன். அண்ணை திட்டவில்லை. "பண்டி மணக்குதோ? அப்ப அடுத்த படியால இறங்கும்" என்றார். அதன்படி இறங்கினேன். என் ரயில் நின்றது.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. பெர்லினில் ரயில் ஏறியபோது நான் தேறிவிட்ட பயணி. அன்று சாயங்காலம் விமானம், மறுநாள் விட்டு மறுநாள் முகூர்த்தம். பாஸ்போர்ட், டிக்கெட், தங்கைக்கு வாங்கிய கைக்கடிகாரம் எல்லாம் ஒரே பையில். பை என் இருக்கைக்கு மேலே. ஹனோவரில் ரயில் நின்றதும் இறங்கினேன். ஏன் என்று கேட்காதீர்கள். விழுப்புரத்தில் நின்றால் இறங்குவோம் இல்லையா, அதே வியாதி. இறங்கி, இடுப்பில் கைவைத்து எஞ்சினைப் பார்த்து, நாலு பெட்டி தூரம் உலாத்தி, விசில் ஊதியதும் கையருகே இருந்த கதவில் ஏறிக்கொண்டேன். எல்லாம் ஒரே ரயில்தானே என்ற நினைப்பு. அது சாப்பாட்டுப் பெட்டி வேறு. உருளைக்கிழங்கு சூப்போடு உட்கார்ந்துவிட்டேன்.

ஒன்றரை மணி நேரம் கழித்து ஹம் வந்தது. அண்ணையின் ஊராயிற்றே என்று மரியாதைக்கு ஒரு போன் போட்டேன்.

"எந்தப் பெட்டி?"

"சாப்பாட்டுப் பெட்டிண்ணே. இருபத்தாறு."

"உம்மட சீட்?"

"முப்பத்தேழாம் பெட்டி, கதவுக்குப் பக்கத்துச் சீட். நீலப் பை அங்க மேல இருக்கு."

"தம்பி, அது ஒண்டாக் கொழுவின ரெண்டு ரயில். ஹம்மில கழட்டுவினம். நீர் கொலோனுக்குப் போறீர். உம்மட பை டுசல்டோர்ஃபுக்குப் போகுது. இறங்கும், உடன இறங்கும்" என்றார்.

நான் எழுந்தேன். கதவு மூடியது. முன்பாதி ரயில் என்னையும் சூப்பையும் தூக்கிக்கொண்டு புறப்பட்டது. பின்பாதி, என் பாஸ்போர்ட்டோடு, தங்கையின் கல்யாணத்தோடு, ஹம்மில் இன்னும் நாலு நிமிடம் நிற்கும் என்றார் அண்ணை. "வையும் போனை" என்றார்.

அதன்பிறகு நடந்ததைப் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கடையில் ஐந்து பேர் வரிசையில் நிற்கிறார்கள். அண்ணை ஓர் அம்மாள் கையில் இடுக்கியைக் கொடுத்து, "நீங்களே எடுங்கோ" என்று ஜெர்மன் மொழியில் சொல்லிவிட்டு, மாவு படிந்த ஏப்ரனோடு படியேறி ஓடியிருக்கிறார். பெட்டிக்குள் ஏறிப் பையை எடுத்துத் திரும்பினால் கதவு மூடிவிட்டது.

என் போன் அடித்தது.

"தம்பி, ரயில் போகுது." குரலே வேறாக இருந்தது.

"பை?"

"பை மடியில. ஆனா நான் ஹம்மை விட்டு வெளிய வந்திட்டன்."

"அதனால என்னண்ணே?"

"ஏலாது தம்பி. எனக்கு மூச்சு முட்டுது. எங்க இறங்கிறது, எப்பிடித் திரும்பி வாறது?"

ஐரோப்பாவின் அத்தனை ரயிலையும் விரல் நுனியில் வைத்திருந்த மனிதர் என்னிடம் வழி கேட்டார். நான் சொந்தப் பெட்டியையே கோட்டைவிட்டவன், எனக்கு என்ன தெரியும்? அவர் பேசுவது போலவே பேசிப் பார்த்தேன்.

"அடுத்து டோர்ட்முண்ட் வரும். இறங்குங்க. இறங்கின இடத்துலேயே நில்லுங்க. நான் ஹாகன்ல இறங்கி வேற ரயில் பிடிச்சு வந்துடறேன். போனை வைக்காதீங்க."

வழியில் டிக்கெட் பரிசோதகர் வந்தார். அண்ணையிடம் டிக்கெட் இல்லை. அவர் மன்னிப்புக் கேட்டது எனக்குப் போனிலேயே கேட்டது. பரிசோதகரோ தினமும் இவரிடம் எள்ளு பன் வாங்குகிறவர். இவரை ரயிலுக்குள் பார்த்த ஆச்சரியத்தில் டிக்கெட் கேட்க மறந்து, கடையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கவலைப்பட்டுவிட்டுப் போனார்.

டோர்ட்முண்டில் நான் இறங்கியபோது கேட்டேன், "அண்ணே, எந்த கிளைஸ்ல நிக்கிறீங்க?"

"பதினொண்டு."

குள்ளமாக, வழுக்கையாக, இரண்டு கையாலும் என் பையைக் கட்டிக்கொண்டு ஒருவர் நின்றார். அவரை அன்றுதான் முதன்முதலில் பார்க்கிறேன். சொன்ன இடத்திலிருந்து அடி நகரவில்லை.

"நீங்க ரயில்லயே போனதில்லையாண்ணே?"

"ஒருக்கா. அகதியா இருந்த காலத்தில ஊர் எல்லை தாண்டக் கூடாது எண்டு சட்டம். இஞ்ச அக்காவுக்குப் பிள்ளை பிறந்தது. களவா ஏறி வந்தன். இதே கிளைஸில பொலிஸ் பிடிச்சுத் திருப்பி அனுப்பினது. பிள்ளையைப் பாக்கேல்லை." பையை என்னிடம் நீட்டினார். "அந்த நேரம் கேம்பில வாசிக்க இருந்தது ரயில் நேரப் புத்தகம் ஒண்டுதான். இப்ப ஜெர்மன் பாஸ்போர்ட்டே கிடைச்சு ஆறு வருசம். கால்தான் ஏறுதில்லை."

"அப்ப லூபெக் பெஞ்சு?"

"உம்மைப்போல வழி தெரியாமல் நிண்ட ஆக்கள் சொன்னதுதான்."

டுசல்டோர்ஃபுக்கு அடுத்த ரயில் எப்போது என்று கேட்டேன். புத்தகம் இல்லாமலே நிமிடம் சொன்னார். அவரை முதலில் ஹம் ரயிலில் ஏற்றிவிட்டேன். ஏறும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார், ஆனால் ஏறினார். கல்யாணத்தில் நான் சரியான நேரத்துக்குப் போய் நின்றேன். கைக்கடிகாரத்தின் வாரில் மாவு ஒட்டியிருந்தது. தங்கை கேட்டாள், நான் சொல்லவில்லை.

அடுத்த கோடையில் ஒரு நாள், மேனேஜர் முக்கியமாக எதையோ விளக்கிக்கொண்டிருந்த மீட்டிங்கில் என் போன் அடித்தது.

"தம்பி, ரயில் கப்பலுக்குள்ள போகுது."

"பெட்டி நம்பர் பாத்து வச்சீங்களாண்ணே?"

"ஓம். மூண்டு தரம் பாத்தன். நீர் வேலையோ?"

"இல்ல, சும்மாதான் இருக்கேன்" என்று சொல்லி மீட்டிங்கிலிருந்து எழுந்து வெளியே வந்தேன். கப்பல் கரை சேரும்வரை, முக்கால் மணி நேரமும், நான் போனை வைக்கவில்லை.