ஏரியல் கம்பியில் ஈரச்சேலை

கையில் ஸ்குரூடிரைவர் கிடைத்த எவனும் தன்னை இஞ்சினியர் என்று நம்பிவிடுவான். நானும் நம்பினேன். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில், ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலை ஆலையில் இஞ்சின் துடைத்துக்கொண்டே, புத்தகம் பார்த்து ஒரு ரேடியோ கட்டியிருந்தேன். அமெச்சூர் ரேடியோக்காரர்கள் வீட்டிலிருந்தபடி ஒருவரோடொருவர் பேசுவதைக் கேட்கும் பெட்டி அது. கேட்கத்தான் முடியும், திருப்பிப் பேச முடியாது. (என் வாய்க்கு அது பெரிய தண்டனை.)

அப்போது ராகலைக் கணக்கப்பிள்ளை கருப்பையா மாமாவிடம் அவர் மகள் சிவகாமியைப் பெண் கேட்டிருந்தேன். அவர் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனார். அவருடைய நினைப்பெல்லாம் திருச்சிக்குப் படிக்கப் போன மகன்மேல். இந்தத் தீவில் எங்கள் தோட்டத் தமிழருக்குத்தான் பிரஜாவுரிமை இல்லையே! பாஸ்போர்ட் இல்லாமல் இவர் போக வழியில்லை. இந்தியப் பிரஜையாகப் பதிந்து போனவனுக்குத் திரும்பி வர விசா இல்லை. பையன் அங்கே அமெச்சூர் லைசென்ஸ் எடுத்து, ஞாயிறு சாயங்காலம் இன்னொரு ரேடியோ நண்பரோடு பேசும்போது அப்பாவுக்கும் இரண்டு வார்த்தை சொல்வதாக எழுதியிருந்தான்.

"வாங்க மாமா, நான் கேக்க வைக்கிறேன்" என்று மார்தட்டிவிட்டேன்.

குரலைக் காற்றிலிருந்து பிடிக்கும் ஏரியல் நீண்டால் எல்லாம் கேட்கும் என்பது என் சித்தாந்தம். நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்துக் கூரையிலிருந்து சவுக்கு மரம்வரை கம்பி இழுத்திருந்தேன். பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த மாரியாயி அக்காவுக்கு அது துணி காயப்போடும் கொடி. தினமும் நான் கத்துவேன், தினமும் அக்கா காயப்போடுவார். அன்று மாமாவும் சிவகாமியும் வரும் நேரம் பார்த்து, ஈரச் சேலைகளை உருவி வேலியில் எறிந்தேன்.

பெட்டியைத் திருகினேன். பக்கத்துத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையும் அமெச்சூர்தான். வழக்கமாக ஓரமாகக் கேட்கும் அவர் குரல், அன்று திருப்பிய இடமெல்லாம் இடித்தது.

"இது யாரு தம்பி?"

"பக்கத்துத் தோட்டத் தொரைங்க, மாமா."

"தொரை கத்துறதத்தான் தெனம் காலையில பேர் கூப்புடுற பெரட்டுலயே கேக்குறேனே. இதுக்கா பஸ்ஸு மாறி மாறி வந்தேன்?"

சத்தத்தைக் குறைத்தேன். துரை மெதுவாகக் கத்தினார், அவ்வளவுதான். ஏரியல் போதவில்லையென்று இன்னும் கொஞ்சம் கம்பி சேர்த்தேன். (மூளை அப்படி.) பெட்டியே அதிர்ந்தது. மாமா குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். மகன் பேசும் நேரம் போய்க்கொண்டிருந்தது. சிவகாமி என்னைப் பார்க்காமல் பெட்டியையே பார்த்தாள்.

வெளியே மாரியாயி அக்காவின் குரல்: "எவன்டா எஞ் சேலைய வீசுனது? கம்பி ஒன்னோடதுன்னா வெயிலும் ஒன்னோடதா?"

சொட்டச் சொட்ட எல்லாவற்றையும் திரும்பப் போட்டார். கம்பி தொய்ந்து, முந்தானைகள் ஈர மண்ணைத் தொட்டன. உள்ளே துரை சட்டென்று அடங்கினார். அந்தச் சந்தில் மெல்லிய குரல் ஒன்று வந்தது.

"...எங்கப்பா கேட்டுக்கிட்டு இருப்பாங்க..."

துணி இல்லாவிட்டால் இன்னும் தெளிவாக இருக்குமே என்று ஓடிப்போய் சேலைகளை உருவினேன். துரை மறுபடி இடித்தார்.

"சேலைய போடுய்யா!" என்று மாமா அலறிய அலறல் ஸ்டோர்வரை கேட்டிருக்கும்.

போட்டேன். நழுவிவிடக் கூடாதே என்று கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். கதவு வழியாகக் கேட்டது: "அப்பா, நான் நல்லா இருக்கேன். முட்டிக்கு எண்ண தேச்சுக்கங்க."

"தேச்சுக்கறேன்யா" என்றார் மாமா, பெட்டியைப் பார்த்து. அது அவனுக்குக் கேட்காது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

பலமான சத்தம் முழுசாகப் பாய்ந்தால் ரேடியோ திக்குமுக்காடும். அதை வாசலிலேயே குறைத்தால்தான் மெல்லிய குரல் கேட்கும் என்று பிறகு படித்தேன். ஏரியலில் வந்ததில் பாதியை அக்காவின் ஈரச்சேலைகள் மண்ணுக்கு இறக்கிவிட்டிருந்தன.

போகும்போது மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பொண்ணத் தர்றேன். ஆனா அந்த அக்காவ விட்டுட்டு நீ குடிமாறக் கூடாது."

மாரியாயி அக்கா காலமாகிப் பல வருஷம் ஆகிறது. இப்போதும் வீட்டில் நான் பேச்சை அவிழ்த்துவிட்டால், சிவகாமி சமையலறையிலிருந்து கூப்பிடுவாள்: "அக்கா, ஒரு ஈரச்சேல போடுங்க!" நான் வாயை மூடிக்கொள்வேன். அதற்குப் பிறகுதான் எங்கள் கடைசி மகள் தன் மெல்லிய குரலில் பேசத் தொடங்குவாள்.