காலாண்டு லீவில் ஒட்டிய மஞ்சள் இலை

உயிரோடு இருப்பவரைச் செத்துவிட்டார் என்று சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர் உண்டு. நான் அதற்கு நேர் எதிர். ஒரு பெண் உயிரோடுதான் இருக்கிறாள் என்று நாற்பது பேர் முன்னால் சொல்லி, ஒரு குடும்பத்தின் நிம்மதியைக் கெடுத்தவள். அதுவும் வெறும் வாயால் அல்ல. சார்ட் பேப்பர், பசை, கத்தரிக்கோல் சகிதமாக.

(பெயர்களை எல்லாம் மாற்றிவிட்டேன். ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதே இல்லை. இந்தப் புத்தி அன்றைக்கே இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.)

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. வேலையில் சேர்ந்து நான்கு மாதம். திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டு போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டு இரண்டு கிலோமீட்டர் உள்ளே ஒரு தொடக்கப் பள்ளி. ஐந்தாம் வகுப்பு என் பொறுப்பு. பதினோரு பிள்ளைகள். அடுத்த வருஷம் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போய்விடுவார்கள். அதற்குள் பயிற்சியில் படித்த அத்தனையையும் அவர்கள் தலையில் இறக்கிவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டிருந்தேன்.

காலாண்டுத் தேர்வு முடிந்து பத்து நாள் விடுமுறை வந்தது. எங்கள் தலைமை ஆசிரியையை ஊரே பெரிய டீச்சர் என்றுதான் சொல்லும். ஓய்வு பெற இரண்டு வருஷம் பாக்கி. என் கையில் இருந்த கலர் பேப்பர் கட்டைப் பார்த்ததுமே கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"லீவுல எதுக்கு மா வேலை குடுக்கற? புள்ளைங்க ஏரியில ஊறிட்டு வரட்டும்."

"வேலை இல்லீங்க டீச்சர், செயல்திட்டம்" என்றேன்.

செயல்திட்டம் இதுதான். ஒவ்வொருவரும் குடும்ப மரம் ஒன்று வரைய வேண்டும். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் இலை, இலையில் பெயர். இருப்பவர்களுக்குப் பச்சை இலை, இறந்தவர்களுக்கு மஞ்சள் இலை. இலைகளை நானே மூன்று சாயங்காலம் உட்கார்ந்து வெட்டினேன். தலைக்குப் பதினைந்து பச்சை, ஐந்து மஞ்சள். ஒரு வீட்டில் ஐந்து பேருக்கு மேலா செத்திருப்பார்கள் என்பது என் கணிப்பு.

இரண்டாம் நாளே போன் வர ஆரம்பித்தது. முதலில் தினேஷ். வகுப்பிலேயே சந்தேகம் அதிகம் உள்ளவன்.

"டீச்சர், எங்கம்மாவோட அம்மாவும் எங்க நைனாவோட அக்காவும் ஒரே ஆளு. ஒரு எலையா, ரெண்டு எலையா?"

அக்கா மகளைக் கட்டிக்கொள்வது எங்கள் பக்கம் சர்வ சாதாரணம். எங்கள் வீட்டிலேயே இரண்டு ஜோடி உண்டு. ஆனாலும் இலை வெட்டும்போது எனக்கு அது தோன்றவில்லை. மரம் என்றால் கிளை பிரிந்துகொண்டே போகும் என்றுதான் புத்தகத்தில் படம் போட்டிருந்தது. எங்கள் ஊர் மரங்களில் பிரிந்த கிளை வளைந்து வந்து பழையபடி அதே மரத்தில் ஏறிக்கொள்ளும். "ஒரே எலை வெச்சி ரெண்டு கோடு போடு" என்று தீர்ப்புச் சொன்னேன்.

அடுத்து வந்த போன்கள் வேறு மாதிரி இருந்தன. "டீச்சர், மஞ்ச எலை பத்தல." ஆறு பிள்ளைகள் இதையே சொன்னார்கள். லாரியில் அடிபட்ட மாமா, பூச்சிமருந்து குடித்த சித்தப்பா, காய்ச்சலில் போன அத்தை. ஒரு பெண்ணின் அப்பா நேரடியாகவே கேட்டார். "எங்க வீட்ல ரெண்டு குழந்தைங்க பேர் வெக்கறதுக்கு முன்னாடியே போய்ட்சி. மறந்துகினு இருந்தோம். இப்ப எலையில இன்னா எழுதறதுன்னு எங்க வீட்டம்மா காலைலேர்ந்து அழுதுகினு கீது. இது பரிச்சைக்கு வருமா டீச்சர்?"

வராது என்றேன். அந்த இடத்திலேயே யாராவது என் கையிலிருந்த கத்தரிக்கோலைப் பிடுங்கியிருக்கலாம். நானோ, பிள்ளைகள் எவ்வளவு ஆழமாகக் கற்கிறார்கள் என்று டைரியில் எழுதிக்கொண்டேன்.

அந்த வாரம் புரட்டாசிக் கிருத்திகை. திருத்தணி மலைக்குப் போகலாம் என்று கிளம்பினேன். படிக்கட்டு ஆரம்பிக்கிற இடத்துக்குப் பக்கத்துப் பூக்கடை வரிசையில், கவிழ்த்த பக்கெட் ஒன்றின் மேல் என் வகுப்பு ஹேமா உட்கார்ந்திருந்தாள். முதல் பெஞ்சு, முத்து முத்தான கையெழுத்து. அவள் அப்பா கரும்பு வைத்திருப்பவர். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறார். எங்கள் சுவர்க் கடிகாரம் அவர் வாங்கிக் கொடுத்ததுதான். கடைக்குள்ளே ஹேமாவின் அம்மா ஒரு கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். பூ கட்டிக்கொண்டிருந்த இளம்பெண்ணுக்கு அப்படியே ஹேமாவின் மூக்கு.

"யாரு ஹேமா இவங்க?"

ஹேமா அம்மாவைப் பார்த்தாள். அம்மா படிக்கட்டைப் பார்த்தார்.

"அவ அக்காதாங்க டீச்சர். சரண்யா" என்றாள் அந்தப் பெண். "அது என் பையன். நாலு மாசம்."

"அப்படியே பாட்டி ஜாடைங்க" என்று ஹேமாவின் அம்மாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார், உடனே முந்தானையால் குழந்தையின் முகத்தை மூடினார். வெயில் பட்டுவிடப்போகிறது என்று மூடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். (கடைக்கு மேலே தார்ப்பாய் கட்டியிருந்தது.)

பள்ளி திறந்த அன்றைக்கே மேலாண்மைக் குழுக் கூட்டம். மத்தியானம் பெற்றோர் வருவதற்குள் மரங்களைச் சுவரில் மாட்டிவிட வேண்டும் என்று காலையில் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஹேமாவின் மரத்தில் சரண்யா மஞ்சள் இலையில் இருந்தாள்.

"ஹேமா, இது மஞ்சள் ஆச்சே?"

"நைனா ஒட்டினாரு டீச்சர்."

"பரவால்ல, கலர் மறந்திருப்பாரு" என்று சொல்லிவிட்டு, நகத்தால் அந்த இலையைச் சுரண்டி எடுத்தேன். அடியில் ஏற்கெனவே ஒரு பச்சை இலை இருந்தது. ஹேமாவின் முத்து முத்தான கையெழுத்தில் சரண்யா என்ற பெயர். மஞ்சளோடு சேர்ந்து அதில் பாதி கிழிந்து வந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் அங்கே ஒரு நிமிஷம் நின்று யோசித்திருப்பார்கள். நான் புதிதாக ஒரு பச்சை இலை எடுத்து சரண்யா என்று எழுதி ஒட்டினேன். பக்கத்திலேயே குட்டியாக இன்னொரு பச்சை இலையும் ஒட்டி, 'பையன், நாலு மாதம்' என்று எழுதினேன். ஹேமா என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "வேணாம் டீச்சர்" என்று ஒரு தடவை சொன்னாள். கூச்சம் என்று நினைத்தேன்.

மத்தியானம் நாற்பது பேர் வந்தார்கள். ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். ஹேமாவின் அப்பா மகளின் மரத்துக்கு முன்னால் போய் நின்றார். ரொம்ப நேரம் நின்றார். ரசிக்கிறார் என்று நினைத்து நானும் பக்கத்தில் போய் நின்றேன்.

"யாரு மாத்தினது இத?"

"நான்தாங்க. நீங்க தெரியாம மஞ்சள் ஒட்டிட்டீங்க போல."

"தெரிஞ்சிதான் ஒட்னேன்" என்றார். குரல் ஏறவே இல்லை. "அந்தப் பொண்ணு செத்து ரெண்டு வருஷம் ஆச்சி. தலை முழுகிட்டோம். பதினாறாம் நாள் காரியம் பண்ணி ஊருக்கே சாப்பாடு போட்டேன். பெரிய டீச்சர் கூட வந்து சாப்ட்டாங்க. கேட்டுப் பாருங்க."

பெரிய டீச்சர் குனிந்து வருகைப் பதிவேட்டைப் புரட்ட ஆரம்பித்தார்.

இந்த இடத்தில் வாயை மூடியிருக்க வேண்டும். வாசலில் படுத்திருந்த நாய்க்குக்கூட அது புரிந்துவிட்டது, எழுந்து வெளியே போனது. எனக்குத் தோன்றியதெல்லாம் பாவம் இந்த மனிதருக்கு யாரோ தப்பான தகவல் சொல்லியிருக்கிறார்கள் என்பதுதான். நல்ல சேதி சொல்கிறவளின் சந்தோஷத்தோடு சொன்னேன்.

"இல்லீங்க, நல்லா இருக்காங்க. கிருத்திகை அன்னிக்கு மலையடிவாரத்துல நானே பாத்தேனே. பேரன்கூடப் பொறந்திருக்கான். உங்க வீட்டம்மாதான் தூக்கி வெச்சிகினு இருந்தாங்க."

நாற்பது தலைகளும் பெண்கள் பக்கம் திரும்பின. ஹேமாவின் அம்மா முந்தானையை மடியில் மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தத் தார்ப்பாயும் புரிந்தது.

ஹேமாவின் அப்பா கத்தவில்லை. என் மேஜைமேல் கசங்கிக் கிடந்த மஞ்சள் இலையை எடுத்து விரலால் நீவினார். "பசை இருக்குதா?" என்று என்னிடமே கேட்டார். கொடுத்தேன். (ஆமாம், கொடுத்தேன். மூடியையும் திறந்து கொடுத்தேன்.) சரண்யாவின் மேல் ஒட்டி, காயும்வரை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே நின்றார். குட்டி இலையைக் கிழித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு மனைவியைப் பார்த்து, "எழுந்திரு" என்றார். ஹேமாவையும் கூட்டிக்கொண்டு மூவரும் போனார்கள்.

கூட்டம் கலைந்ததும் பெரிய டீச்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சரண்யா வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போனது, உயிரோடு இருக்கிறவளுக்குப் படம் மாட்டி மாலை போட்டது, எல்லாம் சொன்னார்.

"ஊருக்கே தெரியும் மா, அவ அங்க பூ விக்கறது. நம்ம ஊர்க்காரங்களே அவகிட்டதான் வாங்குவாங்க. பேர் சொல்லிக் கூப்புட மாட்டாங்க, அவ்ளோதான். அவ அம்மா கிருத்திகைக்குக் கிருத்திகை சாமிக்குப் போறேன்னு போய்ப் பாத்துகினு இருந்தா. இனிமே போவ முடியாது. நீ பச்ச, மஞ்சன்னு ரெண்டே கலர்ல வெட்டிக் குடுத்துட்ட."

"என்கிட்ட யாருமே சொல்லலியே டீச்சர்."

"நீ கேட்டியா?"

ஹேமா பள்ளிக்கு வரவில்லை. மற்ற பத்துப் பேரிடம் வழக்கம்போல 'விடுமுறையில் நான் கற்றது' என்று ஐந்து வரி எழுதச் சொன்னேன். (என்னைத் திருத்தவே முடியாது.) தினேஷ் இப்படி எழுதியிருந்தான்: 'செத்தவர்கள் இரண்டு வகை. ஒன்று, செத்தவர்கள். இரண்டு, கிருத்திகை அன்று பூ விற்பவர்கள்.' சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். பிழை எதுவும் இல்லை. சரி போட்டேன்.

பெரிய டீச்சர் மூன்று தடவை வீட்டுக்குப் போய்ப் பேசி, இருபது நாள் கழித்து ஹேமாவைக் கூட்டிவந்தார். அவள் என்னோடு பேசவில்லை. கேள்வி கேட்டால் எழுந்து பதில் சொல்வாள், உட்காருவாள். வெட்கமாக இருந்தது, வலிக்கவும் செய்தது. ஒரு பத்து வயதுப் பிள்ளையிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தரவில்லை.

பொங்கல் முடிந்து ஒருநாள், திருத்த வந்த ஹேமாவின் நோட்டுக்குள் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. 'பாப்பாவுக்குப் பல் வந்துவிட்டதா என்று அம்மா கேட்கச் சொன்னார்கள்.'

அடுத்த கிருத்திகைக்குப் பூக்கடைக்குப் போனேன். சரண்யா என்னைப் பார்த்ததும், "உங்களுக்கு இங்க பூ இல்ல டீச்சர்" என்றாள். "பல்லு வந்துச்சான்னு உங்கம்மா கேட்டாங்க" என்றேன். அவள் கட்டிக்கொண்டிருந்த சரத்தைக் கீழே வைத்தாள். குழந்தையைத் தூக்கி, கீழ் உதட்டை விரலால் விலக்கிக் காட்டினாள். இரண்டு பல். போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். ஹேமாவின் அம்மா மறந்துபோன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க வருவதுபோலப் பள்ளி கேட்டுக்கு வருவார். போனை நீட்டுவேன். பார்ப்பார், ஒரு தடவை திரையைத் தொடுவார், போய்விடுவார். ஹேமா ஆறாம் வகுப்புக்குப் போன பிறகு, சத்துணவுக்குக் கருவேப்பிலை கொடுக்க வருகிறார். எங்கள் பள்ளியில் சாம்பாருக்குக் கருவேப்பிலை பஞ்சமே கிடையாது.

இரண்டு வருஷம் கழித்து எனக்கு ஒரு நல்ல வரன் வந்தது. பெண் பார்க்க வந்த அன்று, பள்ளிப் பிள்ளைகளின் படத்தைக் காட்டச் சொல்லிப் மாப்பிள்ளைப் பையனின் அத்தை என் போனை வாங்கினார். விரலால் தள்ளிக்கொண்டே போனவர் நின்றுவிட்டார். குழந்தை உட்கார்ந்திருக்கிறான், தவழ்கிறான், நிற்கிறான், நடக்கிறான். மாசத்துக்கு ஒன்று.

"யார் குழந்தைம்மா இது?"

அந்த அத்தைக்கு ஹேமாவின் ஊர்தான். வரும்போதே, ஹேமாவின் அப்பா தனக்குப் பங்காளி என்று சொல்லிக்கொண்டுதான் வந்து உட்கார்ந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அம்மா கிள்ளினாள். நைனா கண்ணாலேயே கெஞ்சினார். பையன்கூட, "சொந்தக்காரங்க குழந்தையா?" என்று எனக்கு வழி எடுத்துக் கொடுத்தான். ஆமாம் என்றால், எந்த வீட்டுக் குழந்தை என்று அத்தை அடுத்துக் கேட்பார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பஜ்ஜி ஆறுவதற்குள் எழுந்து போய்விட்டார்கள்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் அதுதான் பேச்சு. யார் வந்தாலும் நைனா ஆரம்பித்துவிடுவார். "எங்க பொண்ணு பேசியே ஒரு குடும்பத்தக் கெடுத்தா. பேசாமயே தன் கல்யாணத்தக் கெடுத்துக்கினா." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பிறகு, கிருத்திகை என்றைக்கு என்று காலண்டரைப் பார்த்து எனக்குச் சொல்வதும் அவர்தான்.

போன கிருத்திகைக்குச் சரண்யாவின் பையனுக்கு முன்பல் விழுந்திருந்தது. வாயைத் திறந்து காட்டினான். படம் எடுத்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை கருவேப்பிலை வரும்.