முப்பது பார் சார்

எனக்குத் தெரிந்து ஹைதராபாதில் எந்த விஷயத்தையும் ஒருமுறைகூடத் தப்பாகச் சொல்லாத மனிதர் ஒருவர்தான். அதனாலேயே அவரை எவருக்கும் பிடிக்காது. எனக்கும் பிடிக்காது.

தண்ணீரில் மின்சாரத்தைச் செலுத்தி ஹைட்ரஜன் பிரிக்கும் இயந்திரம் செய்கிற பட்டான்செரு கம்பெனி ஒன்றில் அவர் சோதனைப் பிரிவில் இருந்தார். நான் அறிக்கையும் விளம்பரக் கையேடும் எழுதுபவன். அவரை எல்லோரும் ‘முப்பது பார்’ என்போம். பார் என்பது அழுத்தத்தின் அளவு. வாட்ச்மேனுக்கு அது தெரியாது. ஊரில் முப்பது பாரில் குடித்தவர் என்று நம்பி, தினமும் கேட்டில் அவர் வாயை மோந்து பார்ப்பார். மனிதர் காபிகூடக் குடிக்காதவர்.

அவர் சட்டைப் பையில் பேனா இருக்காது. டயர் காற்று அளக்கும் கருவி இருக்கும். ஷேர் ஆட்டோவில் ஏழு பேர் நசுங்கி உட்கார்ந்திருக்க, இவர் குனிந்து மூன்று சக்கரத்தையும் அளப்பார். ஆட்டோக்காரர் தெலுங்கில் திட்டி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, கூடுதல் காற்றை இறக்கிவிட்டுத்தான் ஏறுவார். கம்பெனியில் பாதிப் பேர் தாமதமாக வந்ததற்கு இவரே காரணம்.

எங்கள் எம்.டி. கோயம்புத்தூர்க்காரர். கச்சிபௌலியில் சாஃப்ட்வேர் கம்பெனி நடத்திவிட்டு ஹைட்ரஜனுக்கு வந்தவர். இயந்திரம் எண்பது பாரில் ஓட வேண்டும் என்று அவருக்கு ஆசை.

“கேஸு அவ்வளவு அழுத்தத்துலயே வெளிய வந்துட்டா, அப்பறம் அதை அமுக்கத் தனியா கம்ப்ரஸர் எதுக்குங்க? கரண்ட் மிச்சம்தானுங்க?”

“முப்பது வரைக்கும் ஹவ் சார்,” என்றார் இவர். செகந்திராபாதில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம், ஆமாம் என்பதற்கு ‘ஹவ்’, வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’, பேச்சு அப்படித்தான். “குமிழி சின்னதாகும், கரண்ட் ஈஸியாப் போகும். அதுக்கு மேல போனா, ரெண்டு கேஸுக்கும் நடுவுல சவ்வு மாதிரி இருக்கிற நம்ம மெம்பரேன் தாங்காது. ஹைட்ரஜன் அது வழியா ஆக்சிஜன் பக்கம் கசியும். கஷ்டப்பட்டுப் பிரிச்சதே வீணாப் போகும். கசிஞ்சது அங்க சேர்ந்தா வெடிக்கும். எண்பது நக்கோ சார்.”

எம்.டி. முகத்தில் நம்பிக்கை வரவில்லை என்று பார்த்ததும், கேன்டீனிலிருந்து தயிரைத் துணியில் கட்டிக்கொண்டு வந்தார். லேசாக அழுத்தினார், சொட்டவில்லை. ஓங்கி அழுத்தினார். பக்கத்தில் நின்ற ஹெச்.ஆர். மேடத்தின் பட்டுப்புடவை அன்றோடு போயிற்று. விளக்கம் மிகச் சரியானது. ஆனால் அதற்குப் பிறகு அவர் பக்கம் பேச ஆளில்லை.

முதலீட்டாளர்கள் வரும் நாளும் வந்தது. எண்பது பார் பாதுகாப்பானது என்ற சோதனை அறிக்கையில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார் அவர். அந்த இடத்தில் நான் போட்டேன். எனக்கு அப்போது பிரமோஷன் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவரை கேட் அருகே உட்காரச் சொல்லிவிட்டார்கள். அபாய மணி அடித்தால் விருந்தாளிகள் பயப்படுவார்கள் என்று எம்.டி. அதையும் நிறுத்தி வைத்திருந்தார்.

என் சீட்டருகே சுவரில் இருந்த கண்ணாடி வழியே நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்; இயந்திரம் நன்றாகவே ஓடியது. விருந்தாளிகளில் ஒருவர், “மேகம் வந்து சோலார் கரண்ட் குறைஞ்சா எப்படி ஓடும்?” என்று கேட்டார். மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். மெதுவாக ஓட்டினால் உற்பத்திதான் குறையும், கசிவு குறையாது. ஆக்சிஜனில் எவ்வளவு ஹைட்ரஜன் கலந்திருக்கிறது என்று காட்டும் மீட்டர் சிவப்புக்கு நகர்ந்தது. எம்.டி. அதை மறைத்தபடி நின்று சிரித்தார். அப்போது கதவு திறந்தது. முப்பது பார், இயந்திரத்தின் சத்தம் தணிந்ததுமே விஷயம் புரிந்து, ஒரு செருப்பைக் கேட்டிலேயே விட்டுவிட்டு ஓடி வந்திருந்தார். யாரையும் பார்க்காமல் சிவப்புப் பொத்தானை அடித்தார். இயந்திரம் நின்றது. விருந்தாளிகள் டீ குடிக்காமலே கிளம்பினார்கள்.

வெடித்திருந்தால் அவரைத் தெய்வம் என்றிருப்பார்கள். வெடிக்காததால் வேலையைவிட்டு நீக்கினார்கள்.

“நீங்கதான் நல்லா எழுதுவீங்களே,” என்று அந்தக் கடிதத்தை என்னையே எழுதச் சொன்னார் எம்.டி. எழுதினேன். நன்றாகவே எழுதினேன். முப்பது பார் அதை இரண்டு முறை படித்தார்.

“ஒரு தப்பு இருக்கு. ‘எண்பது பாரில் ஓடியபோது’ன்னு போட்டிருக்கீங்க. நான் நிறுத்தும்போது எழுபத்தெட்டுதான். மாத்திடுங்க.”

மாற்றி அச்செடுத்துக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டார்.

ஒரு வருஷத்துக்குள் இயந்திரம் முப்பது பாரில் விற்பனைக்கு வந்தது. அது தன் நெடுநாள் ஆராய்ச்சியின் முடிவு என்று எம்.டி. மேடையில் பேசினார். பேச்சை எழுதியது யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

புதுக் கையேட்டை எடுத்துக்கொண்டு மௌலா அலியில் அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், கையேட்டை நீட்டினேன். அவர் கையேட்டை முழுதும் படித்தார். தன் பெயர் இருக்கிறதா என்று தேடவில்லை.

“சரியா இருக்கு,” என்றார். பிறகு, “டெஸ்ட் ரூம்ல கூரைகிட்ட ஒரு ஜன்னல் இருக்குமே, அதைத் திறந்து வைக்கிறாங்களா? ஹைட்ரஜன் மேலதான் போய் நிக்கும். சுவருக்கு அந்தப் பக்கம்தானே உங்க சீட்டு. அன்னிக்கும் நீங்க அங்கதான் உக்காந்திருந்தீங்க.”

“திறந்துதான் வைக்கிறாங்க சார்,” என்றேன். எனக்குத் தெரியாது.

மறுநாள் போய்ப் பார்த்தேன். மூடியிருந்தது. ஏணி வைத்து ஏறித் திறந்தேன். இப்போதும் தினமும் காலையில் நான்தான் திறக்கிறேன். அவர் மறுபடி கேட்டால் பொய் சொல்லக் கூடாது, அவ்வளவுதான்.