சீட்டில் ஆள் இருக்கிறார்

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் இந்த வெயிலிலும் கை கொஞ்சம் குளிர்கிறது. அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகம்தானே? பெட்டியோடு வந்து இறங்கிய உங்கள் தங்கை, "என் புருஷனுக்கு என்னையே தெரியலண்ணா" என்று அழுதிருப்பாள். நீங்களும் பல்லைக் கடித்துக்கொண்டு என்னைத் திட்டியிருப்பீர்கள். தாராளமாகத் திட்டுங்கள், ஆனால் இதை முழுக்கப் படித்துவிட்டு, அவளை அடுத்த வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, அப்புறம் உட்கார்ந்து நிதானமாகத் திட்டுங்கள்.

எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் நின்றுபோனது உங்களுக்குத் தெரியும். வலது பக்கத்து வீட்டில் வருகிறது, இடது பக்கத்து வீட்டில் வருகிறது, நடுவில் எங்களுக்கு மட்டும் குழாயைத் திறந்தால் யாரோ பெருமூச்சு விடுவதுபோல் வெறும் காற்று. முழங்கால் வலியோடு உங்கள் தங்கை பக்கத்து வீட்டிலிருந்து குடம் குடமாய்ச் சுமந்தாள். குடிநீர் அலுவலகத்தில் போய்க் கேட்டால், அந்த வீட்டில் ஆள் இல்லை, பூட்டிக் கிடக்கிறது, அதனால் இணைப்பை மூடிவிட்டோம் என்கிறார்கள். "ஆள் இல்லாமலா நான் வந்து நிக்கிறேன்?" என்று கேட்டேன். "நீங்க இருக்கீங்க, அத யாரு இல்லேன்னா? வீட்லதான் ஆள் இல்ல" என்றார் பியூன். அந்த வீட்டில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று எழுதித் தரக்கூடியவர் மூன்றாம் சீட்டு அதிகாரி ஒருவர்தானாம். சரி, அவர் எங்கே என்றேன். "சீட்லதான் இருக்காரு, பாருங்க" என்று கையைக் காட்டினார். பார்த்தேன். நாற்காலி முதுகில் ஒரு கோட் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கோட்டைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். கறுப்புக் கம்பளி. வெள்ளைக்காரன் காலத்தில் எந்தத் துரைக்கோ தைத்தது, துரை கப்பலேறிவிட்டான், கோட் மட்டும் சீட்டைவிட்டு எழுந்திருக்கவில்லை. கோட் நாற்காலியில் இருந்தால் அதிகாரி வந்துவிட்டார், இதோ இப்போதுதான் எழுந்து போனார், இதோ வந்துவிடுவார் என்று அர்த்தம். அதன் தலைக்குமேல் மட்டும் மின்விசிறி சுற்றும். அதற்குப் பதினோரு மணி டீ வைப்பார்கள், சற்று நேரம் கழித்துப் பார்த்தால் டம்ளர் காலி. வரிசையில் நிற்பவர்கள் அதற்கு வணக்கம் வைப்பார்கள், வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன் மச்சான், நானும் வைத்தேன். காலையில் தொங்கிக்கொண்டிருந்த கோட்டின் கை மதியம் மேஜைமேல் கிடக்கும். வைத்த கண் வாங்காமல் பார்த்தால் அசையாது. கொட்டாவி விட்டு நிமிர்ந்தால் இந்தப் பக்கம் இருந்த பைல் அந்தப் பக்கம் போயிருக்கும். வரிசையை விட்டு வாசல்வரை போய்விட்டேன். ஆனால் தண்ணீர் வேண்டுமே, எங்கே போவது?

இப்படி நாயாய் அலைந்துகொண்டிருந்தபோது ஒரு நாள் பெரிய அதிகாரி பரிசோதனைக்கு வருகிறார் என்று ஒரே அமளி. பியூன் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், ஒரே ஒரு நிமிஷம் அந்தக் கோட்டப் போட்டுக்கிட்டு சீட்ல உக்காருங்க. அவரு பாத்துட்டுப் போயிடுவாரு. அப்படியே உங்க மனுவுல நீங்களே கையெழுத்தும் போட்டுக்கலாம்." இப்படி ஒரு யோசனை வந்தால் நீங்கள் வேண்டாம் என்பீர்களா? போட்டுக்கொண்டேன். தோள், கை, கழுத்து, எல்லாம் எனக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் கச்சிதம். உள்ளே ஐஸ் பெட்டிக்குள் நுழைந்ததுபோல் ஒரு குளிர். பெரிய அதிகாரி வந்தார், என்னை ஏற இறங்கப் பார்த்தார், "போன தடவை பாத்ததுக்கு இளைச்சிட்டீங்களே" என்று விசாரித்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் என் மனுவை எடுத்தேன். பியூன் தடுத்தார். மனுதாரர் நேரில் நிற்கும்போதுதான் அதிகாரி கையெழுத்துப் போட வேண்டுமாம். எழுந்து ஓடி, மனு வாங்கும் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றேன். "மனுதாரர் வந்தாச்சு, ஆனா சீட்ல ஆள் இல்லையே" என்றார். திரும்ப ஓடிப்போய் உட்கார்ந்தேன். "இப்ப சீட்ல ஆள் இருக்காரு, மனுதாரரைக் காணோம்." இப்படியே சாயங்காலம்வரை பம்பரமாய்ச் சுற்றினேன். வரிசையில் நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை, வணக்கம்தான் வைத்தார்கள். கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனாலும், காலையில் அலுவலகத்துக்கு வந்து பார்த்தால் அது என் உடம்பில் இருந்தது. எப்போது போட்டேன் என்று எனக்கே நினைவில்லை.

அப்புறம்தான் எனக்கு ஒரு வழி தோன்றியது. மனுவில் உங்கள் தங்கை பெயரும் இருக்கிறதே, அவளை வரச்சொல்லி நிற்கவைத்தால் போதாதா? வந்தாள். பாவம், நொண்டி நொண்டி வந்து, வரிசையில் நின்று, ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்து, சிரித்துக்கொண்டே "ஏங்க" என்றாள். நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாய்ச் சொல்கிறேன். என் வாயிலிருந்து வந்தது, "யாரும்மா நீ? டோக்கன் எடுத்தியா?"

அவள் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. "நாந்தாங்க" என்றாள். "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க, அடுத்து" என்றேன். அதற்குமேல் உங்களுக்கே தெரியும்.

அன்று கோட்டுப் பைக்குள் கையை விட்டேன். ஒரே சாவிகள். பித்தளை, இரும்பு, துருப்பிடித்தது, புதிது, எல்லாம் வீட்டுச் சாவிகள். இவை யாருடையவை என்று பியூனைக் கேட்டேன். "முன்னாடி சீட்ல இருந்தவங்களோடது சார். உங்கள மாதிரித்தான், ஒருத்தர் வரி விஷயமா வந்தாரு, ஒருத்தர் தெருவிளக்குக்காக வந்தாரு." அவர்களெல்லாம் எங்கே என்றேன். "தேடிக்கிட்டு யாரும் வரல சார்" என்றார்.

எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். தண்ணீர் வராவிட்டால் போகட்டும், நானே சுமக்கிறேன், அவள் வந்தால் போதும். அதிகாரி நேரில் போய்ப் பார்த்தும் எழுதலாமாம், அதனால் இன்று மதியம் இந்தக் கோட்டோடு நம் வீட்டுக்கே போய், ஆள் உண்டு என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, இதைக் கழற்றி எறியப் போகிறேன். அவளிடம் சொல்லுங்கள், அவள் முகம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, இடது புருவத்தின் மேல் இருக்கும் மச்சம் உட்பட. மறக்கும் முன்பு அனுப்பிவிடுங்கள்.

அக்காவுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள், அவர்கள் எந்த ஜன்னல் முன்னாலும் நிற்காமல் நீடு வாழட்டும்.

என்றும் உங்கள் அன்பு மைத்துனன்.

பின்குறிப்பு: ஐயா, மேற்படி முகவரியை இன்று மதியம் நேரில் பார்வையிட்டேன். வீடு பூட்டியிருந்தது. பலமுறை தட்டியும் ஆள் அரவம் இல்லை. பக்கத்து வீட்டு அம்மாள், "அங்க யாரும் இல்ல சார். ஒருத்தர் இருந்தாரு, தண்ணி வரலன்னு ஆபீசுக்குப் போனாரு, திரும்பி வரல" என்று தெரிவித்தார். உள்ளே பார்க்கலாம் என்று பையிலிருந்த சாவிகளை ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பார்த்தேன், எது இந்த வீட்டினுடையது என்று தெரியவில்லை. ஆகவே ஆள் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டுள்ளேன். இணைப்பை மூடியது சரியே. தங்களிடம் தங்கியுள்ள பெண்மணி அந்த வீட்டில் வசித்ததாகச் சொல்வாரானால், தகுந்த ஆதாரத்துடன் நேரில் வரச்சொல்லவும். அப்போது நான் இல்லையென்றால் கவலை வேண்டாம். கோட் இருக்கும்.