கணினியை ஹலாலாக்கிய கதை

எங்கள் ஊரில் 'கம்பியூட்டர் தெரிந்தவர்' என்று பெயர் எடுப்பது மிகச் சுலபம். அச்சுப்பொறியில் சிக்கிய தாளை நாலு பேர் பார்க்க ஒருமுறை இழுத்து எடுத்தால் போதும். உப்புக் கந்தோரில், உப்பளத்து அலுவலகத்தில், எழுதுவினைஞனாக இருந்த நான் அப்படி ஒரு தாளை இழுத்தேன். (பாதி உள்ளேயே கிழிந்து தங்கியதை யாரும் கவனிக்கவில்லை.) அன்று ஏறிய திமிர் இறங்க ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவைப்பட்டது.

யுத்தம் முடிந்து, நான் கற்பிட்டியில் கலியாணம் முடித்து, மாமனார் வீட்டில் சௌகரியமாகக் குடியேறியிருந்த காலம். லினக்ஸ் என்று ஓர் இயங்குதளம் இருப்பதாக எங்கோ வாசித்தேன். இலவசம், எவரும் திறந்து பார்த்துப் படிக்கலாம். நாங்கள் பாவிப்பதோ பிரதி பண்ணிய விண்டோஸ். அதாவது களவு. அதாவது ஹராம். எனக்குள் ஒரு மௌலவி எழும்பி உட்கார்ந்தார்.

முதல் மார்க்கப் பிரசங்கம், பயான், மனைவி ரிஸ்னாவுக்கு.

"களவெடுத்த மென்பொருள்ல வேலை செஞ்சா சம்பளத்துல அல்லாஹ்ட பரகத் இரிக்குமா?"

"மொதல்ல நஸீர் நானாட கடையில வாங்கின படச் சீடியெல்லாம் திருப்பிக் குடுங்க. அதெல்லாம் ஒரிஜினலா?"

இவளோடு மார்க்கம் பேசிப் பயனில்லை என்று, இரண்டாவது பயானை அந்த நஸீரின் கடையிலேயே வைத்தேன். சந்தியில் கொமியூனிகேஷன் நடத்துபவன். போட்டோக்கொப்பி, டைப்பிங், படச் சீடி எல்லாம் உண்டு. வாடிக்கையாளர் நிறைந்திருந்த நேரம் பார்த்து, "இந்த மெஷின்ல அடிக்கிற தாள்லயும் பரகத் இல்ல, மச்சான்" என்று தீர்ப்பளித்தேன். நஸீர் சிரித்தான். அதை நான் மனமாற்றம் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த கேள்வி: புதிதாகப் படிப்பவனுக்கு எந்த லினக்ஸ் நல்லது? ஏனென்றால் அது ஒன்றல்ல, நூறாம். ஒன்றுக்குப் புதினாவின் பெயர், இன்னொன்றுக்குத் தொப்பியின் பெயர், மற்றொன்றுக்குப் பச்சோந்தி சின்னம். தன்னுடையதுதான் தொடக்கக்காரருக்கு உகந்தது, மற்றவனெல்லாம் வழிகெட்டவன் என்று இணையத்தில் ஒவ்வொருவரும் எழுதியிருந்தார்கள். பெருநாள் பிறை விவகாரத்தில்கூட இவ்வளவு பிரிவினையை நான் கண்டதில்லை. ஒரு மழைக்காலம் முழுவதும் ஆராய்ந்து, கடைசியில் திரையில் அழகான நீல மலைப்படம் வைத்திருந்ததைத் தேர்ந்தெடுத்தேன். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இன்னும் ரெண்டு கேள்வி கேட்பார்கள்.

என்னிடம் கணினி இல்லை என்பது ஒரு சிறு குறை. ரிஸ்னாவிடம் ஒரு மடிக்கணினி இருந்தது. அவள் புதிதாக நியமனம் பெற்ற ஆசிரியை. மூத்த டீச்சர்மார் கேட்டும் கொடுக்காமல், தவணைப் பரீட்சை வினாத்தாளைப் பாடசாலை அதிபர் அவளிடம் ஒப்படைத்திருந்தார். அதை அவள் மடிக்கணினியில் அடித்து முடித்திருந்தாள்.

"நாளைக்கி காலம்பற பேப்பர் அதிபர்ட மேசையில இரிக்கோணும். இது பிழையாப் போனா இனி ஒண்டும் என்ன நம்பித் தரமாட்டாங்க" என்று சொல்லிவிட்டுத்தான், அந்த ஞாயிறு காலை குறிஞ்சிப்பிட்டியில் தமக்கை வீட்டுக்குப் போனாள்.

நான் பொறுப்பில்லாதவன் அல்லன். யுத்த காலத்தில் மன்னாரிலிருந்து கையில் அகப்பட்ட பையோடு வெளியேற்றப்பட்ட குடும்பம் எங்களுடையது. முக்கியமானதை முதலில் பையில் போடு என்பது எனக்கு ஊட்டி வளர்த்த பாடம். ஆகவே அவளுடைய கோப்புகள் எல்லாவற்றையும் பென்டிரைவில் ஏற்றிவிட்டே வேலையைத் தொடங்கினேன். 'பழையதன் பக்கத்தில் குடியிருக்கட்டுமா, அனைத்தையும் அழிக்கட்டுமா?' என்று புதிய லினக்ஸ் மரியாதையாகக் கேட்டது. ஈமான் உறுதியானவனுக்கு இரண்டு தோணி எதற்கு? அழி என்றேன்.

நீல மலை வந்தது. வினாத்தாளைத் திறந்தேன். தமிழைக் காணோம்! திரை முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் மேய்ந்தன. அக்காலத்தில் பாடசாலைகளில் பாவித்த எழுத்துரு, ஆங்கில எழுத்துக்குத் தமிழ் முகமூடி போட்டுவிடும் வகை. கோப்பைப் பையில் போட்ட நான், முகமூடியை அழித்த வீட்டுக்குள்ளேயே விட்டுவிட்டேன்.

மாமனார் எட்டிப் பார்த்தார். கருவாட்டு வியாபாரி, நாற்றம் எங்கிருந்து வந்தாலும் பிடித்துவிடுவார்.

"என்ன மருமகன், இங்கிலீசா?"

"இல்ல மாமா, தமிழ்தான்."

"அப்ப எனக்கு ரெண்டும் தெரியாது போல."

எழுத்துருவை இணையத்திலிருந்து இறக்க டொங்கிளைச் செருகினேன். நீல மலை அதைக் கண்டுகொள்ளவில்லை. கண்டுகொள்ளவைக்கும் மென்பொருள் இணையத்தில் இருக்கிறதாம்.

பின்னேரம் அஸர் தொழுகை நேரத்துக்கு ரிஸ்னா வந்தாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன், அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இப்ப நான் என்ன செய்ற?"

"நஸீர்ட மெஷின்ல அந்த எழுத்து இரிக்கும்..." என்று தரையைப் பார்த்துச் சொன்னேன்.

"அப்ப எழும்புங்க."

"நீங்க மட்டும் போனா..."

"பயான் பண்ணின ஆள்தான் வரோணும்."

கடையில் அன்றும் ஆட்கள். நஸீர் பென்டிரைவை விரலிடுக்கில் தூக்கிப் பிடித்தான்.

"எங்கட ஹராம் மெஷின்ல ஒங்கட ஹலால் பேப்பரத் தொறக்கலாமா, ஹஸ்ரத்? தாள்ல பரகத் போயிருமே?"

மௌலவிமாரை விளிக்கும் 'ஹஸ்ரத்' என் தலையில் வந்து விழ, நான் விட்டத்தில் ஏதோ ஆராய்ந்தேன்.

"நஸீர் நானா, அவருக்கு பரகத் வேணும். எனக்கு பிரின்ட் வேணும்" என்றாள் ரிஸ்னா.

கோப்பு திறந்தது. தமிழ் வரிசையாக வந்து நின்றது. பிரதி பண்ணிய விண்டோஸைப் பார்த்து அல்ஹம்துலில்லாஹ் சொன்ன முதல் மௌலவி நானாகத்தான் இருப்பேன். நஸீர் காசு வாங்கவில்லை. "அடுத்த கிழமையும் வந்து ஒரு பயான் பண்ணுங்க, அது போதும்" என்றான். மடிக்கணினிக்கும் அவனே பழைய விண்டோஸைப் போட்டுக் கொடுத்தான்.

வினாத்தாள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த தவணைத் தாளும் ரிஸ்னாவுக்கே கிடைத்தது. எனக்குக் கிடைத்தது, ஊரில் இன்றும் வழங்கும் 'கம்பியூட்டர் ஹஸ்ரத்' என்ற பட்டம்.

போன மாதம் எங்கள் மகள் கேட்டாள்: "வாப்பா, எங்கட ஸ்கூல் சேர் லினக்ஸ் பழகிட்டு வரட்டாம். புதுசாத் தொடங்குறவங்களுக்கு எது நல்லம்?"

இத்தனை வருடம் எவரும் கேட்காத கேள்வி. ஒரு மழைக்காலத்து ஆராய்ச்சி முழுவதும் தொண்டைக்கு வந்தது. கனைத்துக்கொண்டேன்.

ரிஸ்னா எழுந்து, தன் மடிக்கணினியை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். சாவியைக் கையில் பொத்திக்கொண்டு வந்து கதிரையில் அமர்ந்தாள்.

"இப்ப சொல்லுங்க, ஹஸ்ரத்."