அலமாரிக் கதவில் செய்த கீபோர்டு

எனக்குப் பிடிவாதம் அதிகம், மூளை சுமார். இதை ஒப்புக்கொள்ளவே முப்பது வயது ஆகிவிட்டது.

ஐந்து வருடத்துக்கு முன், டைப் அடித்து அடித்து மணிக்கட்டு வலித்தது. இரண்டு பாதியாகப் பிரிந்த கீபோர்டை, கைக்கொன்றாகத் தள்ளித் தள்ளி வைத்து அடித்தால் வலி குறையுமாம். விலையைப் பார்த்தேன். நெஞ்சு வலித்தது. நானே செய்கிறேன் என்று கிளம்பினேன். (வீட்டில் யாரும் தடுக்கவில்லை. தப்பு அவர்களுடையது.)

உடைந்த அலமாரிக் கதவை அறுத்து இரண்டு பலகை. பழைய கீபோர்டில் கழற்றிய பட்டன்கள். டெலிபோன் கம்பி. எந்தப் பட்டனுக்கு எந்த எழுத்து என்று சொல்லும் புரோகிராம் ஏற்றிய ஒரு சின்ன சிப். டுரியான் துங்கால் ஊரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மூன்று வாரம் ஈயம் உருக்கிப் பற்றவைத்தேன். புகை தாங்காமல் அம்மா சாமியறைக் கதவைச் சாத்திவிட்டார்.

கம்பிகளைப் பலகையின் பின்பக்கம்தான் பற்றவைக்க வேண்டும். திருப்பினால் இடம் வலமாகும் என்பது இடது பாதியைச் செய்யும்போது ஞாபகம் இருந்தது. வலது பாதிக்கு வந்தபோது மறந்தது. அடித்துப் பார்த்தால், வரிசையின் கடைசி எழுத்து முதலில் வருகிறது!

கழற்றித் திரும்பப் பற்றவைப்பதா? நானா? எழுத்து மூடிகளைப் பிடுங்கி, அதே தலைகீழ் வரிசையில் மாட்டி, இரண்டு மாதம் பழகினேன். பேய் வேகம். தலைக்கனம் தாங்கவில்லை.

அப்போதுதான் பாச்சாங்கில் ஒரு வக்கீல் ஆபீசில் கிளார்க் வேலைக்குக் கூப்பிட்டார்கள். கான்ட்ராக்ட் முடிந்து வீட்டில் சும்மா இருந்த எனக்கு அந்த வேலை கட்டாயம் வேண்டும். டைப்பிங் டெஸ்டுக்கு அவர்களுடைய சாதாரணக் கீபோர்டில் கை வைத்தேன். இடது கை இங்கிலீஷ் அடித்தது. வலது கை என்ன பாஷை அடித்ததோ, கடவுளுக்கே வெளிச்சம்.

"என்னம்மா இது?" என்றார் மேனேஜர் அம்மா.

"மேடம், என் சொந்தக் கீபோர்டு வீட்ல இருக்கு. அதுலதான் எனக்குக் கை ஓடும்."

நல்ல மனுஷி. "சரி லா, எடுத்துட்டு வரச் சொல்லு. ரெண்டு மணிக்குத் திரும்ப அடி."

அப்பாவுக்குப் போன் போட்டேன். "மேசை மேல என் கீபோர்டு இருக்குப்பா. உடனே கொண்டாங்க. என் வேலையே அதுலதான் இருக்கு!"

பாவம், கொதிக்கிற வெயிலில் மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தார். பையைத் திறந்தேன். இடது பாதி மட்டும் இருந்தது.

"இன்னொன்னு எங்கப்பா?"

"ரெண்டு கெடந்துச்சு. ஒன்னு ஸ்பேர்னு நெனச்சேன். நல்லதாப் பாத்துத்தான் எடுத்தாந்தேன் லா."

மேனேஜர் அம்மா எட்டிப் பார்த்தார். "அப்போ நீயும் பாதி நாள்தான் வேலைக்கு வருவியாம்மா?" ஆபீசே சிரித்தது. வேலை வேறொரு பெண்ணுக்குப் போனது.

பாதிக் கீபோர்டை மடியில் வைத்து, அப்பாவின் முதுகுக்குப் பின்னால் அழுதுகொண்டே வீடு வந்தேன். வாசலில் இறங்கியதும், "ஒட்டி இருந்திருந்தா எடுத்தாந்திருப்பேன்ல," என்றார் அப்பா பரிதாபமாக. மறுநாள் வந்த சித்தி மகன் தலையில் அடித்துக்கொண்டான். "ஐயோ அக்கா, புரோகிராம்ல ஒரு வரிய மாத்துனாலே நேராயிருக்குமே!"

இப்போதெல்லாம் செருப்போ தோடோ வாங்கிவர அனுப்பினால், அம்மா இரண்டு விரலைக் காட்டித்தான் அப்பாவை அனுப்புகிறார். போன வருடம் என் கல்யாணம். மண்டபத்திலிருந்து நானும் மாப்பிள்ளையும் காரில் ஏறினோம், அப்பாதான் ஓட்டினார். ஆரத்தித் தட்டோடு வீட்டில் காத்திருந்த அம்மா போன் போட்டார்.

"ஏங்க, ரெண்டு பேரையும் ஏத்திட்டீங்களா? ஒன்னு ஸ்பேர்னு விட்டுட்டு வந்துறாதீங்க!"

அப்பா நிஜமாகவே திரும்பிப் பார்த்து எங்களை எண்ணினார்.