கிலோவுக்கு எட்டுக் கிராம்

“எழுபத்தொன்று,” என்றாள் தாதி.

“போன கிழமை அறுபத்தெட்டுத்தானே?” வாப்பா ஏறி நின்ற தராசை நுஸ்ரா எட்டிப் பார்த்தாள். முள் அசையவில்லை. குடும்பத்தில் முதல் பட்டதாரி அவள். ஒரு முள்ளிடம் தோற்பதாக இல்லை.

கணக்கைப் போன கிழமைதான் டொக்டர் விளக்கியிருந்தார். நுஸ்ராவின் ஈரலை ஸ்கேனில் அளந்தாயிற்று. வாப்பாவுக்குப் பொருத்த வெட்டி எடுக்கக்கூடிய துண்டு ஐந்நூற்று அறுபது கிராம் வரும். வாப்பாவின் நிறையில் கிலோவுக்கு எட்டுக் கிராமாவது வேண்டும். ஆக, அவர் எழுபதைத் தாண்டக் கூடாது.

“தாண்டினா?” என்று கேட்டிருந்தார் வாப்பா மஹ்ரூப்.

“துண்டு போதாது. மகளை வெட்ட மாட்டம். வேற ஆள் தேடணும்.”

“நல்ல கணக்கு,” என்றார் அவர். மகளின் ஈரல் வேண்டவே வேண்டாம் என்று அடம்பிடித்த மனிதர், அதன் பிறகு மறுபேச்சுப் பேசவில்லை.

“அந்தப் பெல்ட்டையாவது கழட்டுங்க,” என்றாள் நுஸ்ரா.

“அது இல்லாட்டி சாரன் நிக்காது மகள்.” பொக்கற்றுகள் வைத்த பச்சைப் பெல்ட்டைத் தடவிக்கொண்டார்.

ஊருக்கு, எத்தாளைக்குத் திரும்பியதும் நுஸ்ரா சோற்றைப் பாதியாக்கினாள். உம்மா சுல்பாவுக்குப் பொறுக்கவில்லை.

“மனுசன் ஏன் மெலியணும்? உன்ட ஈரல் பெருத்தாச் சரிதானே.”

நெய்ச்சோறும் ஆட்டீரல் கறியுமாக நுஸ்ராவுக்கு விழுந்தது. மறு ஸ்கேனில் டொக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

“ஈரல்ல கொழுப்பு ஏறியிருக்கு. அதைக் கழிச்சுத்தான் கணக்குப் பாக்கணும்.”

“இவளுக்குக் கொழுப்பெண்டு ஊருக்கே தெரியும்,” என்றார் வாப்பா. “அதுக்கு ஒரு ஸ்கேனா?”

அவருடைய நிறை எழுபத்திரண்டு.

நுஸ்ரா உப்பை நிறுத்தினாள். கடற்கரையில் நடக்க விட்டாள். தன் நெய்ச்சோற்றை நாய்க்குப் போட்டாள். வாப்பாவின் கன்னம் ஒட்டியது, தோள் எலும்பு தெரிந்தது. தராசு எழுபத்துநான்கு காட்டியது.

“எங்க ஒளிச்சுத் திங்கிறீங்க?”

“அல்லாஹ் அறிய ஒரு பருக்கையும் திங்கல்ல.”

பிஸ்கட் டின்னைக் குலுக்கினாள். தலையணையைப் பிதுக்கிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. வாப்பா பாட்டுக்கு முற்றத்தில் பழைய மீன்வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“உடம்பு வத்துது, நிறை ஏறுது. எனக்கும் விளங்கல்ல,” என்றார் டொக்டர். “வயித்துல நீர் கோத்திருக்கலாம். இவரையும் ஸ்கேன் பண்ணிப் பாப்பம்.”

“எனக்கெதுக்கு ஸ்கேன்? ஊட்ட போவம் வா.” வாப்பா கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

“நடங்க உள்ளுக்கு. ஒரு வாப்பாதான் ஈக்கிது எனக்கு,” என்று நுஸ்ரா தோளைப் பிடித்துத் தள்ளினாள். கதவு சாத்தப்பட்டது. அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

சற்று நேரத்தில் சிலாபத்து அட்டென்டன்ட் மாக்கிறட் மூச்சு வாங்க வெளியே வந்தாள்.

“தங்கச்சி, வாப்பாட பெல்ட். ரெண்டு கையாலயும் பிடிங்க, பொக்கற்றெல்லாம் வலையில கட்டுற ஈயக் குண்டு.”